ஒரு கிற்றார், ஒரு பொங்கோ, பிறகு மின்சாரம்

கேள்வி: அக்கூஸ்டிக் கிற்றாருடன் தொடங்கிய ரொக் குழு ஒன்று, மின்கிற்றாருக்கு மாறிப் பெரும் வெற்றி பெற்ற பிறகும் தன் அசலைக் காப்பாற்ற முடியுமா? நானும் நண்பனும் விசுவமடுவில் ஒரு கிற்றாரும் ஒரு மரப்பெட்டித் தாளமுமாகப் பாடி வருகிறோம். மேடைக்கு அழைப்பவர்கள் முழு பாண்ட் செற்றும் வேண்டும் என்கிறார்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

பதில்:

முடியும். எழுபதுகளில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ரொக் குழுவான டி. ரெக்ஸின் பாடகர் மார்க் போலன் அதைச் செய்து காட்டினார். ஆனால் தன்னுடன் தொடங்கிய நண்பரை அவர் வழியிலேயே இழந்தார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் இருவருக்கும் பயன்படும்.

போரால் மூடிக் கிடந்த ஏ9 வீதி 2002 இல் திறந்த சில மாதங்களில், லண்டனில் இருந்து சின்ன மாமா எங்களைப் பார்க்க வந்தார். எனக்கு அப்போது 16 வயது. சொக்லேற் பெட்டிகளுக்கும் உடுப்புகளுக்கும் நடுவில் ஒரு கசெற் இருந்தது. ஏ பக்கத்தில் ‘டைரனோசோரஸ் ரெக்ஸ்’, பி பக்கத்தில் ‘டி. ரெக்ஸ்’ என்று மாமாவின் கையெழுத்து. ஏ பக்கத்தில் ஒரு கிற்றாரும் கையால் தட்டும் பொங்கோவும், ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நடுங்கும் ஒரு குரலும். பி பக்கத்தில் வயிற்றுக்குள் இறங்கும் மின்கிற்றார். இரண்டும் வேறு வேறு குழுக்கள் என்று ஒரு மாதம் வரை நம்பியிருந்தேன்.

புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் இல்லை. எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்தே இல்லை. தொண்ணூறுகளில் மின்கலங்களுக்கும் தடை இருந்ததால், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சில்லில் அழுத்தி, பெடலைக் கையால் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்போம். 2002 இல் கடைகளில் மின்கலம் கிடைத்தது; ஆனால் பாட்டுக் கேட்பதற்கு அதைச் செலவழிக்க அம்மா விடமாட்டார். ஆகவே சைக்கிள்தான். கை ஓய்ந்தால் கசெற்றின் ஓட்டம் தளரும். போலனின் குரல் தடித்துக் கீழே இறங்கி, ஒரு கிழவரின் முனகல்போல் ஆகிவிடும். தம்பி ஓடிவந்து பெடலை வாங்குவான். சுருதி மெல்ல மெல்ல ஏறித் தன் இடத்துக்குத் திரும்பும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அதற்குத் தோள்மூட்டில் பலம் வேண்டும். எனவே வேண்டிய பாட்டை மட்டும், ஒவ்வொரு தட்டையும் காது கொடுத்துக் கேட்டோம்.

அம்மப்பா முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு நாள் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இரண்டு பக்கங்களையும் கேட்டுவிட்டு, “இரண்டும் ஒரே பொடியன்தான். வலக்கையைக் கேள், அதற்குள் மத்தளம் இருக்கிறது” என்றார். அதற்குப் பிறகுதான் மாமாவுக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்டேன். அவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். மற்றதெல்லாம் பின்னாளில் தேடிப் படித்தவை.

போலன் 1947 இல் லண்டன் ஹக்னியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் மார்க் ஃபெல்ட். 1967 இல் ‘ஜோன்ஸ் சில்ட்ரன்’ என்ற சத்தமான குழுவில் சில மாதங்கள் மின்கிற்றார் வாசித்தார். ஆக, விரிப்பில் உட்காரும் முன்பே அவர் மின்கிற்றார் பிடித்தவர். அந்தக் குழுவை விட்டு வந்தபோது கையில் பெரிய கருவிகள் இல்லை. அதே ஆண்டு ஸ்டீவ் பெரக்ரின் டூக் என்ற இளைஞருடன் சேர்ந்து, தரையில் விரிப்பைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடத் தொடங்கினார். ரவி சங்கரின் கச்சேரி ஒன்றைப் பார்த்த பாதிப்பில் அப்படி உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். டூக் பொங்கோ தட்டி, மேல் சுருதியில் கூடப் பாடினார். தூய்மைக் கொள்கை எதுவும் அவர்களை அந்த விரிப்பில் உட்கார வைக்கவில்லை. இருந்ததைக் கொண்டு செய்தார்கள். வன்னியில் இருந்து இதைப் படிக்கிற எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நாங்கள் சைக்கிள் பிரேக் கம்பியின் இழைகளைப் பிரித்துக் கிற்றாருக்குத் தந்தியாகக் கட்டியதும் கொள்கைக்காக அல்ல. அந்தக் கம்பி விரல் நுனியை வெட்டும், மழை நாளில் துருப்பிடித்து விரலைக் கறுப்பாக்கும், ஆனாலும் ஒலித்தது.

அறிவிப்பாளர் ஜோன் பீல் அவர்களைத் தன் வானொலி நிகழ்ச்சிகளில் ஒலிக்கவிட்டார். தான் போகும் மேடைகளுக்கும் கூட்டிச் சென்றார். லண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான டோனி விஸ்கொண்டி அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தயாரித்தார். 1968 இல் வந்த முதல் இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 15 ஆம் இடம் வரை போனது. விரிப்பில் உட்கார்ந்து பாடிய இருவருக்கு அது சிறிய காரியமல்ல. ஆனால் அதற்குப் பிறகு பெரிதாக மேலே ஏற முடியவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளைத்தான் நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1969 இல் போலன் மின்கிற்றாரைக் கையில் எடுத்தார். தாளம் இன்னமும் பெரும்பாலும் கையால்தான். அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்துக்குப் பின் டூக் போய், மிக்கி ஃபின் வந்தார். 1970 இல் ‘டைரனோசோரஸ் ரெக்ஸ்’ என்ற குழுவின் நீளமான பெயரை ‘டி. ரெக்ஸ்’ என்று சுருக்கினார்கள். அந்தப் பெயரில் வந்த முதல் ஒற்றைப் பாட்டு ‘ரைட் எ வைட் ஸ்வான்’. அதைத் தேடிக் கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். மின்கிற்றார் இருக்கிறது, பேஸ் இருக்கிறது, வயலின்கள் இருக்கின்றன, கைதட்டு இருக்கிறது. டிரம் செற் இல்லை! கிற்றார் கையே தாளத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. விரிப்பில் இருந்து இரண்டு ஆண்டுகள் பழகிய கை அது. பாட்டு 1970 ஒக்டோபரில் வந்து, ஆறுதலாக ஏறி, 1971 ஜனவரியில் 2 ஆம் இடத்தைத் தொட்டது.

டிரம் அதற்குப் பிறகுதான் வந்தது. பில் லெஜண்ட் டிரம்முக்கும் ஸ்டீவ் கரி பேஸுக்கும் இருக்க, 1971 இன் தொடக்கத்தில் ‘ஹொட் லவ்’ வெளியாகி ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டுக்காகத் தொலைக்காட்சியில் தோன்றியபோது போலன் கண்ணுக்குக் கீழே மினுக்கம் பூசியிருந்தார். மினுக்கமும் அலங்காரமுமாக மேடையேறும் ‘கிளாம் ரொக்’ அங்கிருந்துதான் தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் பலர். அதே ஆண்டு ‘கெட் இட் ஒன்’ முதலிடம். அதில் பியானோவின் கட்டைகளை ஒரே இழுப்பாக இழுப்பது ரிக் வேக்மன்; வீட்டு வாடகைக்குப் பணமில்லாமல் இருந்தவரைக் கூப்பிட்டு 9 பவுண் கொடுத்தார்களாம். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். பியானோ அந்தப் பாட்டுக்கு அப்படியொன்றும் அவசியமில்லை. ஒரு கலைஞன் வாடகை கட்ட வேண்டும் என்பது அவசியம். 1972 இல் இன்னும் இரண்டு முதலிடங்கள் வந்தன, மொத்தம் நான்கு.

இந்த ஏற்றத்தை விரும்பாதவர்களும் இருந்தார்கள். ஆரம்பத்திலிருந்து தோள் கொடுத்த ஜோன் பீலுக்கே ‘கெட் இட் ஒன்’ பிடிக்கவில்லை. அதை அவர் வானொலியில் சொன்னார். நட்பு அதோடு முறிந்தது. பீலின் காது பெரிய காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த விடயத்தில் அம்மப்பாவின் காதைத்தான் நான் நம்புகிறேன். பீல் தான் இழந்த பழைய இருவரைத் தேடினார். அம்மப்பா கையைக் கேட்டார். ஏ பக்கத்துப் பாட்டையும் பி பக்கத்துப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டு வலக்கையை மட்டும் கவனியுங்கள். தந்தியில் விழுகிற அதே தள்ளாட்டம், அதே இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. உங்கள் அசல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் அங்கேதான் காட்டுவேன்.

இனி எங்கள் கதை. 2009 இல் எல்லோரையும் போல நாங்களும் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தோம். கசெற்றும் கிற்றாரும் போயின. அம்மப்பாவும் திரும்பி வரவில்லை. கிளிநொச்சிக்கு மின்சாரம் வந்து, 2013 செப்டெம்பரில் ரயிலும் வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு நாங்கள் மூன்று பேர் மறுபடி பாடத் தொடங்கினோம்: தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் பழகிய ஒருவர், மத்தளக்காரர் ஒருவர், நான். பரந்தனில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து பாடுவோம். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுக் கேட்பார்கள்.

முதல் பெரிய மேடை கிடைத்தபோது உங்களிடம் கேட்டதையே எங்களிடமும் கேட்டார்கள். ஒரே மாதத்தில் இரண்டு மின்கிற்றார், ஒரு பேஸ், ஒரு டிரம் செற், அவற்றுக்கு வாசிப்பவர்கள் என எல்லாவற்றையும் சேர்த்தோம். அன்றிரவு மேடையில் மத்தளக்காரர் அடிக்கிறார், கை அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. மத்தளத்துக்கு ஒரேயொரு மைக்; அதுவும் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தைப் பார்த்தபடி. வலப்பக்கமான வலந்தலையின் சத்தம் டிரம்முக்குள் புதைந்துவிட்டது. ஒருவருக்கு மற்றவர் கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஒலியைக் கூட்டினோம். கூட்டக் கூட்ட எதுவுமே கேட்கவில்லை. இரண்டாம் பாட்டின் நடுவில் மத்தளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கைகளை மத்தளத்தின் மேல் வைத்தபடி சபையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு அவர் இல்லாமலே முடிந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். டிரம்மை ஆறு மாதங்கள் ஒதுக்கி வைத்தோம். மத்தளத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மைக் வாங்கினோம். ஒரு கிற்றாரை மட்டும் மின்சாரத்தில் விட்டு, மத்தளத்துக்கு அது இடம் விடும்வரை பழகினோம். பிறகு பேஸ். கடைசியாகத்தான் டிரம் திரும்பி வந்தது; அதுவும் மத்தளம் மூச்சு விடுகிற இடத்தில் மட்டும். போலன் மூன்று ஆண்டுகளில் ஏறிய படிகளை நாங்கள் விழுந்து எழும்பிய பிறகுதான் கண்டுகொண்டோம்.

இப்போது டூக் பற்றி. அவரும் பாட்டு எழுதத் தொடங்கியிருந்தார். தன் பாட்டுகளும் குழுவில் பாடப்பட வேண்டும் என்று விரும்பினார். போலன் இடம் கொடுக்கவில்லை. டூக்கின் நடத்தையிலும் குறைகள் இருந்தன. மேடையில் அவர் செய்த சில காரியங்கள் யாரையும் பொறுமையிழக்கச் செய்திருக்கும். ஆனாலும் அந்த ஏ பக்கத்தில் போலனின் குரலுக்கு மேலே மிதக்கிற மற்றக் குரல் அவருடையது. குழு உச்சத்துக்குப் போன ஆண்டுகளில் அவர் அதில் இல்லை. 1980 இல், 31 வயதில் இறந்துபோனார். அதற்கு முன்பே, 1977 செப்டெம்பர் 16 அன்று, போலன் பயணம் செய்த கார் லண்டன் பார்ன்ஸில் ஒரு மரத்தில் மோதியது. அவருக்கு 30 வயதாக இரண்டு வாரங்கள் இருந்தன. 2020 இல் டி. ரெக்ஸ் குழுவை அமெரிக்காவின் ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது, அதைப் பார்க்க அந்த முதல் இருவரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

உங்கள் கேள்வியில் ‘நானும் நண்பனும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பருக்கு எழுதுகிற பழக்கம் இருந்தால், பெரிய மேடைக்குப் போகும் முதல் நாளிலேயே அவருடைய பாட்டு ஒன்றையும் பாடுங்கள். உங்கள் பாட்டைவிடச் சுமாராக இருந்தாலும் பாடுங்கள். மரப்பெட்டிக்கு முதலில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள்; மின்கிற்றார் அதற்குப் பிறகு. ‘முழு பாண்ட் செற்’ கேட்கிறவர்களிடம், இருவராக 20 நிமிடங்கள் வாசித்துக் காட்டுகிறோம், அதன்பின் முடிவு செய்யுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு.

எங்களிடம் சிறிய அம்ப் (கிற்றார் ஒலிபெருக்கி) ஒன்று இப்போது பயன்பாடில்லாமல் இருக்கிறது. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழக அது போதும். பரந்தன் பக்கம் வருவதாக இருந்தால் எனக்கு இங்கேயே ஒரு செய்தி போடுங்கள், எடுத்துப் போகலாம். ஞாயிறு பின்னேரங்களில் விறாந்தையில்தான் இருப்போம். மரப்பெட்டியையும் கொண்டு வாருங்கள். மத்தளக்காரர் அதைக் கேட்க விரும்புவார்.