நன்றி சொன்னவருக்கு என்ன சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன. அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: யாருக்காவது உதவி செய்து, அவர் நன்றி சொல்ல வந்தால் எனக்குக் கூச்சமாகிவிடுகிறது. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். உடன் பணிபுரியும் ஒருவரின் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது அவருடைய வேலையையும் நானே சேர்த்துப் பார்த்தேன். அவர் நன்றி சொன்னபோதும் வழக்கம்போல் அதையே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தன்னடக்கமாகப் பேசியதில் என்ன தவறு?

பதில்: உங்கள் எண்ணத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல் அவரிடம் போய்ச் சேர்ந்த விதம் வேறு. தாயார் படுத்திருந்த நாட்களில் அலுவலகக் கவலை இல்லாமல் அவர் அருகிலேயே இருக்க முடிந்தது என்பது அந்த நண்பருக்கு நெடுநாள் நினைவில் நிற்கக்கூடிய ஒன்று. அதைப் போய் ‘ஒன்றுமில்லை’ என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் உழைப்பைச் சிறிதாக்கிக்கொள்வதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவருக்கோ, தமக்கு அத்தனை பெரிதாக இருந்தது உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்றுதான் கேட்கிறது. இரு கைகளாலும் ஒருவர் நீட்டியதை வாங்காமல் அவரை அப்படியே நிற்க வைப்பதைப் போன்றது அது.

நன்றி சொல்வதும் பலருக்கு எளிதாக வந்துவிடுவதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இரு ஆய்வாளர்கள், தமக்கு நன்மை செய்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதியவர்களை வைத்து நடத்திய ஆய்வை 2018-இல் வெளியிட்டார்கள். கடிதம் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று எழுதியவர்கள் மிகையாக அஞ்சினார்கள் என்பதும், அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. அப்படியானால், உங்கள் முன்னால் வந்து நிற்கிறவர் பெரும்பாலும் ஒரு தயக்கத்தைக் கடந்துதான் வந்திருக்கிறார். பேச்சை மாற்றினால், ‘சொல்லாமலே இருந்திருக்கலாம்’ என்ற அவருடைய அச்சத்தை நீங்களே உறுதிப்படுத்திவிடுகிறீர்கள்.

இதற்கு நேர் எதிரான குறை ஒன்றும் உண்டு. ‘எவ்வளவு சிரமப்பட்டேன் தெரியுமா’ என்று தொடங்கி, பட்ட பாட்டையெல்லாம் பட்டியலிடுவது அது. நன்றி சொல்ல வந்தவர் கடன்காரராகிக் குனிந்து நிற்க வேண்டிவரும். அடக்கம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான்.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் அறிஞர், யாராவது நன்றி சொன்னால் ‘எனக்குத் தேவைப்பட்டால் நீங்களும் இதைச் செய்வீர்கள்’ என்ற பொருள்படப் பதில் சொல்லலாம் என்கிறார். சமநிலையில் உள்ள இருவர், வேலை சார்ந்த உதவிகளைப் பரிமாறிக்கொள்ளும் இடத்தில் அது பொருந்தலாம். நோயும் துயரமும் கலந்த நேரத்தில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் அதில் கணக்கு எழுதிவைக்கும் சாயல் வந்துவிடுகிறது.

உங்கள் நண்பருக்கு நீங்கள் சொல்லியிருக்கக்கூடியது மிகச் சிறியது. அவர் சொல்லி முடிக்கும் வரை இடைமறிக்காமல் கேட்டு, முகத்தைப் பார்த்து, ‘உங்களுக்கு உதவியாக இருந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டிருந்தால் போதும். முதல் வாக்கியம் அவர் கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது, பேச்சை உங்கள் பெருமையிலிருந்து அவருடைய தாயாரின் நலத்துக்குக் கொண்டுபோகிறது. கூச்சமும் அங்கே தானாகத் தணிந்துவிடும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ‘அன்று நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை, உங்கள் சொல் எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது’ என்று நாளைக்கே அவரிடம் சொல்லலாம்.

கேள்வி: நான் செவிலியர். நோயாளிகளின் குடும்பத்தினர் கண்கலங்கி நன்றி சொல்லும்போது ‘இது என் கடமை’ என்று பதில் சொல்கிறேன். சரிதானா?

பதில்: அது உண்மைதான் என்றாலும் முழு உண்மை அன்று. மருந்தை நேரத்துக்குக் கொடுப்பது கடமை. பயந்திருந்தவரிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசியதை எந்தப் பணி விதியும் உங்களிடம் கேட்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் அதற்குத்தான் நன்றி சொல்கிறார்கள். ‘அவர் நலமாக வீடு திரும்புவதைப் பார்ப்பது எங்களுக்கும் நிறைவாக இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். இரவுப் பணியில் இருந்தவருக்கும் அதில் பங்கு உண்டென்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள். பிறகு, மறக்காமல் அந்த நன்றியை அவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாணவரின் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நன்றி தெரிவிக்கப்பட்டது. பின்னர் அதே மாணவர் மீண்டும் உதவி கேட்டபோது, நன்றி பெறாதவர்களில் 32 விழுக்காட்டினரும், நன்றி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினரும் உதவ முன்வந்தார்கள். தம்மை ஒருவர் மதிக்கிறார் என்ற உணர்வே இதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். நாள் முழுதும் பிறருக்காக நிற்கும் பணியில் இருப்பவர், அந்த உணர்வைக் ‘கடமை’ என்ற ஒரு சொல்லால் வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: கைபேசியில் நன்றி என்று செய்தி வந்தால் அதற்கும் பதில் அனுப்ப வேண்டுமா? முடிவே இல்லாமல் போகிறதே?

பதில்: சிறு காரியத்துக்கு வந்த ஒற்றைச் சொல் நன்றிக்கு ஒரு புன்னகைக் குறி போதும், அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒருவர் நேரம் எடுத்து நான்கு வரி எழுதியிருந்தால், அதில் ஒரு வரியையாவது குறிப்பிட்டு நீங்களும் எழுதுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. எதைக் கொடுத்தாலும் எங்களுக்கு நன்றி சொல்கிறான். வீட்டுக்குள் இதெல்லாம் எதற்கு என்று என் கணவர் சிரிக்கிறார். பெற்றவளுக்கு நன்றி சொல்வது எனக்கும் சற்று அந்நியமாகத்தான் தோன்றுகிறது. நான் என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் இருவருக்கும் தோன்றுவது இயல்பானதே. ஐந்து கண்டங்களைச் சேர்ந்த எட்டு மொழிகளில், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நடக்கும் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஒரு குழு 2018-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. கேட்ட உதவி கிடைத்த தருணங்களில், ஏறத்தாழ இருபதில் ஒன்றில்தான் நன்றி சொல்லப்பட்டிருந்தது. மற்ற நேரங்களில் மனிதர்கள் நன்றிகெட்டவர்களாக இருந்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. நெருங்கியவர்களிடம் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருக்கிறது. சொல்லாமலே அது புரிந்துகொள்ளப்படுகிறது.

ஆகவே அவன் சொல்லாத நாளில் அதை வற்புறுத்திக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லும் நாளில் சிரித்தால், அன்பாகச் சொன்ன ஒன்று கேலிக்குரியது என்று அவன் கற்றுக்கொள்வான். எட்டு வயதில் கற்றது எளிதில் போகாது. முதல் கேள்வி கேட்டவரின் கூச்சம்கூட எங்கேனும் இப்படித் தொடங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை அவன் சொல்லும்போது கையில் இருக்கும் வேலையைச் சற்று நிறுத்தி, ‘சரிடா கண்ணா, உனக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். உங்கள் கணவரிடமும், மகன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, இதைப் பற்றிப் பேசுங்கள்.