குனிந்த முதுகுகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ தங்களுக்கு மிகப் பிடித்த ஓவியம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். என் அம்மா மலேசியாவில் நம் பாகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பல ஆண்டுகள் செம்பனை (எண்ணெய்ப்பனை) உதிரிப்பழம் பொறுக்கியவர். படத்தைக் காட்டியதும், “இது நம்ம வேலைதானே?” என்றார். எனக்கோ கோபம்தான் வந்தது. வறுமையைப் பொன்னொளியில் குளிப்பாட்டி அழகு பார்ப்பது சரியா?

– ஒரு வாசகி, பாகாவ்

அன்புள்ள சகோதரிக்கு,

1857இல் இந்த ஓவியம் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டபோதும் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய கோபம் உங்களுடையதற்கு நேர்மாறானது. பிரான்சில் ஏழைகளும் கிளர்ந்தெழுந்த 1848ஆம் ஆண்டுப் புரட்சியை மறந்திராத மேட்டுக்குடியினருக்கு இந்த மூன்று பெண்களும் அச்சமூட்டினார்கள். விமர்சகர் ஒருவர் இவர்களை வறுமையின் விதிதேவதைகள் என்றே சாடினார். வெறும் அழகு எவரையும் அப்படி மிரட்டியிருக்காது.

பொன்னொளி எங்கே விழுகிறது என்பதைத் தயவுசெய்து மறுபடி பாருங்கள். மலைபோல் குவிந்த கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றும் வண்டி, அறுவடைக் கூட்டம், வலது ஓரத்தில் குதிரைமீது ஒரு மேற்பார்வையாளர் (நம்மூர்த் தோட்டக் கண்காணியான மண்டோராக இருந்தால் மோட்டார் சைக்கிளில் வந்திருப்பார்) என வெளிச்சமெல்லாம் தொலைவில்தான் இருக்கிறது. முன்னால் இருக்கும் பெண்களின் முகங்களோ நிழலில் மங்கிக் கிடக்கின்றன. குனிந்திருக்கும் இருவருடைய தலைகளும் அடிவானத்தைத் தாண்டி எழாதபடி, மண்ணுக்குள்ளேயே அவர்களை அடக்கி வரைந்திருக்கிறார் நார்மண்டிக் குடியானவரின் மகனான மில்லே. இடப்பக்கப் பெண் ஒரு கையை முதுகின்மேல் மடக்கி வைத்திருக்கிறாள். என்னை இந்த ஓவியத்தோடு கட்டிப்போட்டது அந்தக் கைதான். நாளெல்லாம் குனிந்து வேலை செய்தவர்களை அருகிலிருந்து பார்க்காத ஒருவருக்கு அது தோன்றியிருக்காது.

ஆயினும் உங்கள் அம்மாவின் சொல்லுக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது அங்கே ஏழைகளின் வழக்குரிமை. பொறுக்கியது பொறுக்கியவளுக்கே சொந்தம். செம்பனையின் கதை வேறு. நன்கு கனிந்த பழமே குலையிலிருந்து உதிரும், எண்ணெயும் அதில்தான் மிகுதி. ஆகவே தோட்டம் அதை யாருக்கும் விட்டுவைப்பதில்லை. மில்லேயின் பெண்கள் கைப்பிடிக் கதிரோடாவது வீடு திரும்பினார்கள். உங்கள் அம்மா, நிரை நிரையாகப் பொறுக்கி நிரப்பிய சாக்குகளைக் கணக்குக் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் காத்திருந்தார். வேலை ஒன்றுபோல் தோன்றினாலும், இந்த ஒரு கணக்கில் நம்மவர்கள் அந்தப் பெண்களைவிடக் கீழே இருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல ஓவியத்தை நான் பார்த்ததில்லை. என்னிடம் இருப்பது பழைய நாட்காட்டித் தாள் ஒன்றுதான். அதில் வலப்பக்கப் பெண் பாதி நிமிர்ந்த நிலையில் இருக்கிறாள். அவள் குனியப் போகிறாளா, நிமிர்கிறாளா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.