பழைய காரைப் பார்த்து அது எந்த மாடல், எந்தக் காலத்து வண்டி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? தனியாகக் கிடைக்கும் உதிரிபாகத்தையும் அப்படி அடையாளம் காண முடியுமா?

நான் முகப்பை நம்புவதில்லை. கிரில், பம்பர், விளக்கு வளையம், பெயர் எழுத்து எல்லாமே நாலு போல்ட்டைக் கழற்றினால் மாறிவிடும். ஐம்பது, அறுபது வருடம் ஓடிய வண்டியில் அவை ஒருமுறையாவது மாறியிருக்கும். அதனால் சுலபமாக மாற்ற முடியாத இடத்தைத்தான் முதலில் தேடுவேன்.

ஃபியட் என்றால் முன்கதவின் கீல். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி ஐம்பதுகளில் விட்ட 1100 கார்களில் முன்கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும், கதவு பின்னோக்கித் திறக்கும். பம்பாய்க்காரர்கள் அதை டுக்கர் ஃபியட் என்பார்கள். மராத்தியில் டுக்கர் என்றால் பன்றி. அந்த உருண்டை மூக்கைப் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும். 1964இல் வந்த 1100 டி-யில் கீல் முன்தூணில் இருக்கும். அதே வண்டிதான் பிற்பாடு பத்மினி ஆனது. முகப்பை மறைத்துக் கதவை மட்டும் காட்டினால்கூடச் சொல்லிவிடலாம்.

அம்பாசடரில் குழப்பம் அதிகம். மார்க் 2 வந்தது 1963இல், மார்க் 3 1975இல், மார்க் 4 1979இல். உடம்பு ஒன்றுதான் என்பதால் ஒன்றின் முகத்தை இன்னொன்றில் மாட்டிவிடலாம். கடைசிக் காலத்து வண்டிக்கு மார்க் 2 கிரில் போட்டு அறுபதுகளின் வண்டி என்று விற்பதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் முந்திய லேண்ட்மாஸ்டரை அம்பாசடரிலிருந்து பிரிக்கப் பின்னால் போய் நில்லுங்கள். அம்பாசடரின் பின்பக்க மட்கார்டு மேல்நுனியில் சின்ன வால்போல நீட்டிக்கொண்டிருக்கும், லேண்ட்மாஸ்டரில் வழுவழுவென்று இறங்கிவிடும். அப்புறம் பானட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். என்ஜின் தலை தட்டையாக இருந்து பிளக்குகள் மேலே வானம் பார்த்து நின்றால் அது சைடு வால்வ் என்ஜின், லேண்ட்மாஸ்டரிலும் தொடக்ககால அம்பாசடரிலும் வந்தது. மேலே தகர மூடி, பிளக்குகள் பக்கவாட்டில் என்றால் பிறகு வந்த 1489 சி.சி. என்ஜின்.

என் சொந்த வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தார்கள். முழு உடம்பையும் ஒரே துண்டாகச் செய்து தர ஆள் கிடைக்காததால், தனி சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைக்கும்படி இங்கிலாந்தில் வடிவமைத்த கார் அது. அதனால்தான் ஒரு வருடத்து வண்டியின் முன்பாகம் இன்னொரு வருடத்து வண்டியில் அவ்வளவு எளிதாக உட்கார்ந்துவிடுகிறது, அடையாளம் காண்பதும் கஷ்டமாகிறது. ஆனால் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. உலகத்தில் எந்த மூலையில் எடுத்த படமாக இருந்தாலும், ஹெரால்டுக்கு நாலு கதவு இருந்தால் அது நம்ம சென்னையில் பிறந்த வண்டி. எனக்கு இதில் பெரிய பெருமை உண்டு.

எழுபதுகளில் அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி விட்ட கெஸலை ஹெரால்டிலிருந்து பிரிக்க ஜாக்கி போதும். ஹெரால்டின் பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் அடியில் உள்நோக்கி மடங்கும், ஏனென்றால் அதன் அச்சு இரு பாதியாகத் தனித்தனியே ஆடும். கெஸலில் ஒரே நீளமான அச்சு, சக்கரம் நேராகவே நிற்கும்.

சரி, உதிரிபாகத்துக்கு வருகிறேன். சில வருடம் முன்பு சென்னைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கிய குவியலில் ஒரு வார்ப்புத் துண்டு கிடைத்தது. கிரீஸும் மண்ணும் அப்பி, ஒரு போல்ட் துருப்பிடித்து அதிலேயே மாட்டியிருந்தது. டைனமோவைத் தாங்கும் பிராக்கெட் என்பது மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடும் ஷெட்டில் காட்டினேன். ஒருவர் ஃபியட் என்றார், ஒருவர் ஸ்டாண்டர்ட் டென் என்றார். எங்களோடு வரும் பழைய மெக்கானிக் ஒருவர், “வாதாடுறதை விட்டுட்டு முதல்ல போல்ட்டைக் கழட்டுங்க தம்பி” என்றார்.

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றினோம். 13 ஸ்பேனர் தலையில் நுழையவில்லை, 14 லொடலொடவென்று ஆடியது. அவர் தன் பெட்டியைத் துழாவி, விட்வொர்த் கால் இஞ்ச் என்று பொறித்த பழைய ஸ்பேனரை எடுத்து வைத்தார். விட்வொர்த் என்பது பழைய இங்கிலாந்து அளவு முறை, அதில் எண் குறிப்பது தலையின் அகலத்தை அல்ல, போல்ட்டின் தடிமனை. கச்சிதமாகப் பிடித்தது. அப்படியானால் மரையும் (போல்ட்டின் திருகுச் சுற்று) இஞ்ச் கணக்கில்தானே இருக்க வேண்டும்? அளந்தால் சரியாக 8 மில்லிமீட்டர். கடையில் விற்கும் 8 மி.மீ. நட்டைப் போட்டுப் பார்த்தேன், இரண்டு சுற்றில் இறுகிவிட்டது. கடை நட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ., இந்த போல்ட்டில் 1 மி.மீ.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “மோரிஸ்” என்றார், இங்கிலாந்தின் பழைய கார் கம்பெனி அது. காரணத்தையும் சொன்னார். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. போர் முடிந்ததும் மோரிஸுக்கு என்ஜின் செய்து கொடுத்தது, 1923இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டது. இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் இருந்ததால் மரை மில்லிமீட்டரில் வெட்டப்பட்டது. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்குகளின் கையில் இருந்தது விட்வொர்த் ஸ்பேனர், ஆகவே தலையை மட்டும் அந்த அளவில் செய்தார்கள். ஃபியட்டில் தலையும் மரையும் மில்லிமீட்டர், ஹெரால்டில் இரண்டும் இஞ்ச். தலை ஒரு தேசம், மரை ஒரு தேசம் என்றால் பழைய மோரிஸ் என்ஜின் குடும்பம். நம் நாட்டில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்டி, மோரிஸ் டென்னை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விட்ட ஹிந்துஸ்தான் டென். பழைய ஒர்க்‌ஷாப் புத்தகத்தின் படத்தோடு வைத்துப் பார்த்தோம், துளைகள் ஒத்துப்போயின.

நீங்களும் ஏதாவது பாகத்தை யாரிடமாவது காட்டப்போகிறீர்கள் என்றால், தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். பெயின்ட் மிச்சம், பொறித்த எண், ஒட்டியிருக்கும் போல்ட் எல்லாமே சாட்சி. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். லூகாஸ் கம்பெனியின் டைனமோ, ஸ்டார்ட்டர் கிடைத்தால் உடம்பில் பொறித்திருப்பதைத் துணியால் மட்டும் துடைத்துப் படியுங்கள், செய்த வாரமும் வருடமும் அதிலேயே பல சமயம் இருக்கும். முழு வண்டியென்றால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பதிவுத் தேதியோடு நிறுத்தாமல் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒப்பிடுங்கள். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு வாங்கலாம், ஆனால் சேசிஸையோ உடம்பையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

அந்த பிராக்கெட்டின் படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் காரைக்குடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருடைய ஹிந்துஸ்தான் டென்னில் அதே பிராக்கெட் விரிசல் விட்டு, இரண்டு முறை பற்றவைத்து ஓடிக்கொண்டிருந்ததாம். பஸ் பார்சலில் அனுப்பிவைத்தேன். பத்து நாளில் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே, ஹெரால்டு பானட்டை இடப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கொக்கி. நான் எட்டு மாதமாகத் தேடியது. அன்று மாலையே மாட்டினேன், இப்போது வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் பானட் தடதடப்பதில்லை.