மண்கட்டி நாற்று கரைவது ஏன்?

கேள்வி: அச்சில் அழுத்திச் செய்த மண்கட்டிகளில் மிளகாய் விதை ஊன்றினேன். தண்ணீர் தெளித்ததும் கட்டிகள் கரைந்துவிடுகின்றன. களிமண்ணைக் கூட்டலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், களிமண் மிகுந்தால் கட்டி காய்ந்ததும் இறுகி, மிளகாயின் மெல்லிய வேர் இறங்க வழியின்றித் திணறும். கட்டியைப் பிணைத்து வைப்பவை நாரும் ஈரமும்தான் என்பதால், உப்புப் போகப் பலமுறை அலசிய தென்னைநார்க் கழிவுடன் சலித்த மண்புழு உரத்தையும் சிறிது தோட்ட மண்ணையும் கலந்து, கையில் பிடித்து அழுத்தினால் விரலிடுக்கில் நீர் கசியும் அளவுக்கு நனைத்த பிறகே அச்சில் திணியுங்கள். பெரும்பாலோர் தொட்டிக்குக் கலப்பதைப் போல உதிரியாகக் கலந்துவிடுகிறார்கள், குறை அங்கேதான். பூவாளியைத் தவிர்த்து, தட்டில் நீர் விட்டுக் கட்டிகளை அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். கட்டிகளுக்கிடையே சற்று இடைவெளி இருந்தால், வேர்நுனி காற்றுப் பட்டு ஓரத்திலேயே நின்று, உள்ளே பக்கவேர்கள் பெருகும்.