ஹாமில்டன் கடனை "அடைத்தார்" என்பது ஏன் தவறு?

"ஹாமில்டன் அமெரிக்காவின் கடனை அடைத்தார்" என்று நீங்கள் கட்டுரையில் எழுதியதை ஆசிரியர் அடித்தது சரிதான். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அவர், சுதந்திரப் போரில் ஏறிய கடனை அடைக்கவில்லை, பழைய கடன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு புதுப் பத்திரம் கொடுத்தார். 1790 சட்டப்படி, மத்திய அரசின் உள்நாட்டுக் கடனில் அசலின் மூன்றில் இரண்டு பங்குக்கு உடனே 6% வட்டி. மீதிக்கும் அதே 6%தான், ஆனால் 1801-லிருந்துதான் கிடைக்கும். வட்டி பாக்கிக்கு 3% பத்திரம். வட்டிப் பணம் பெரும்பாலும் இறக்குமதி வரியிலிருந்து வந்தது.

கட்டுரைக்கு உயிர் தரும் இடம் வேறு. போர்வீரர்கள் சம்பளத்துக்குப் பதில் வாங்கிய சீட்டுகளைப் பசிக்கு அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். சீட்டை இப்போது வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, அதை முதலில் பெற்ற வீரருக்கும் பங்கு வேண்டும் என்றார் வர்ஜீனியா உறுப்பினர் மேடிசன், நாடாளுமன்றக் கீழவை ஏற்கவில்லை. இது வேதனையான விஷயம், தவறாமல் எழுதுங்கள். ஆனால் கைமாறிய சீட்டுக்கு முழு மதிப்பு இல்லையென்றால் அடுத்த முறை அரசை நம்பி யார் கடன் தருவார் என்ற ஹாமில்டனின் வாதமும் வலுவானது.

மாநிலங்களின் போர்க் கடனையும் மத்திய அரசே ஏற்கும் திட்டத்தைத் தனிப் பத்தியாக வையுங்கள். தன் கடனில் பெரும்பகுதியை அடைத்திருந்த வர்ஜீனியா அதை எதிர்த்தது. தலைநகர் பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போகும் என்ற பேரத்துக்குப் பிறகே அந்தத் திட்டம் நிறைவேறியது.