சிறுபான்மைக் கல்லூரி என்றால் புகார் கொடுக்க முடியாதா?

கேள்வி: திருச்சபை நடத்தும் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனால், “கரண்டி பிடிக்கிற கைக்குப் பிப்பெட் எதற்கு?” என்பார் பேராசிரியர். உடம்பைப் பற்றியும் பேசுவார். தம் மதத்துப் பெண்களையும் விடுவதில்லை. கடைசியாக அப்படிப் பேசி ஏழு வாரம் ஆகிறது. முதல்வரோ, “இது சிறுபான்மை நிறுவனம், அந்தச் சட்டமெல்லாம் இங்கே செல்லாது” என்கிறார். வேறு மதம் என்பதால்தான் இப்படி என்று எழுதச் சொல்கிறார் மாமா. பெண்கள் விடுதியை மாலை 6.30-க்கே பூட்டுகிறார்கள், ஆண்களுக்கு இரவு 9.30. என்ன செய்வது?

பதில்: முதல்வர் சொன்னது தவறு. சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு தருகிறது. சீர்கேடாக நடத்தும் உரிமை அதில் அடங்காது என்று கேரளக் கல்வி மசோதா விவகாரத்தில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்லூரிகளில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2015-இல் போட்ட ஒழுங்குமுறைகள் பெயர்ப்பலகையில் எந்தப் புனிதர் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

இத்தகைய புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் கெடு. ஏழு வாரம் போய்விட்டது, இனியும் தள்ளாதீர்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை உங்கள் தாள்களை அந்தப் பேராசிரியர் திருத்தக் கூடாது என்று இடைக்கால நிவாரணமும் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

மாமா சொன்ன வரி வேண்டாம். தம் மதத்துப் பெண்களையும் அவர் விடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குறுக்கு விசாரணையில் அது ஒரு நிமிடம் நிற்காது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் கிறித்தவக் கல்லூரிகளைப் பொதுப்படையாகக் குறைசொன்ன பத்தியையே பிறகு நீக்க வேண்டிவந்தது. தேதி, இடம், அவர் சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் இருந்தவர் யார்: இவைதான் வேண்டும். “ஆபாசமாகப் பேசினார்” என்று சுருக்கினால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம். கரண்டிப் பேச்சு மட்டும் பாலியல் துன்புறுத்தல் ஆகாது என்று வாதிடுவார்கள். அதை உடம்பைப் பற்றிய பேச்சோடு சேர்த்தே எழுதுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்குப் பாரபட்சமான விதி போடக் கூடாது என்றும் அதே ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதைத் தோழிகளின் கையெழுத்தோடு தனி மனுவாக மாணவர் குறைதீர் குழுவுக்குக் கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், விடுதிப் பூட்டைப் பற்றியே பேசிப் பேசிப் பேராசிரியரைத் தப்பவிட்டுவிடுவார்கள்.