வாளுக்கு இருபுறமும் நிலம்

கேள்வி: மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது குறித்து பலன் பார்க்கும் டாரோட் சீட்டுகளில் மூன்றை எடுத்தேன். நடுவில் வாள் பத்து. இருபுறமும் நாணயச் சீட்டுகள். முதுகில் பத்து வாள்கள் பாய்ந்து ஒருவர் விழுந்து கிடக்கும் அந்தப் படம் மனத்தை உறுத்துகிறது. அஞ்ச வேண்டுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, படத்தை மட்டும் பார்த்துப் பலன் முடிவுசெய்துவிடாதீர்கள். டாரோட்டின் நான்கு சின்ன வகைகளும் நான்கு பூதங்களைக் குறிக்கும்: கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, நாணயம் நிலம். (நம் பஞ்சபூதங்களில் ஆகாயத்துக்கு இங்கே தனி வகை இல்லை.) 1888இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பினரின் முறைப்படி, நெருப்புக்கு நீரும் காற்றுக்கு நிலமும் பகை, மற்றவை நட்பு. ஒரே பூதம் பக்கத்தில் அமர்ந்தால் நடுச்சீட்டு மிகவும் வலுக்கும். பகைப் பூதம் இருபுறமும் நின்றால் வெகுவாகத் தளரும்.

இந்த வலுவும் தளர்வும் நன்மை, தீமை இரண்டுக்கும் பொது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வரிசையில் காற்றாகிய வாளை நிலம் இருபுறமும் நெருக்குவதால், அச்சீட்டு சுட்டும் துன்பமே தளர்கிறது. அந்த இடங்களில் வாள் எட்டும் ஒன்பதும் நின்றிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். சீட்டு தலைகீழாக விழுந்ததா என்பதை இம்முறை கணக்கில் கொள்வதில்லை.

நாணயம் பணத்தையும் அன்றாட உழைப்பையும் குறிப்பதால், சம்பளம், தங்குமிடம், ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் முதலில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். போவதா வேண்டாமா என்பதை மகளோடு அமர்ந்து பேசி முடிவெடுங்கள்.